சர்வருக்குத் துணை

புதுச்சேரியில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்த்தபோது, நெல்லித்தோப்பு மருந்துக் கடையிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வரும். "சர்வர் கனெக்ட் ஆவல சார், பில் போட முடியல." போய்ப் பார்த்தால் டேட்டாபேஸ் நின்றுபோயிருக்கும். ஓடவிட்டு வருவேன். மறுநாளும் அதே கதை. இன்னொரு தடவை நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கடை முதலாளி சொல்லிவிட்டார்.

அதனால் ஒருநாள் மதியமே போய் உட்கார்ந்தேன். வழக்கம்போல் மதியத் தூக்கத்துக்காகக் கடையைச் சாத்தினார்கள். முகம் நிறைய பவுடர் பூசியிருந்த கணக்குப்பிள்ளை சர்வரை அணைத்து, அதன்மேல் தன் துண்டைப் போர்த்தினார்.

"ஏன் சார் ஆஃப் பண்றீங்க?"

"காலையிலேர்ந்து ஓடுது தம்பி. நாமெல்லாம் படுக்கப் போறோம், அது மட்டும் முழிச்சிருக்கணுமா?"

அப்படி அணைத்தால், மறுபடி ஆன் பண்ணும்போது டேட்டாபேஸ் தானாக எழாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதோடு சாயங்காலம் போன் வருவது நின்றது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் அந்த வழியாகப் போனவன், பாதி இறக்கிய ஷட்டருக்குள் எட்டிப் பார்த்தேன். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் கண் சிவக்க அவர் உட்கார்ந்திருந்தார்.

"வூட்டுக்குப் போவலியா சார்?"

"அத மட்டும் தனியா முழிக்க வுட்டுட்டு எப்படி தம்பி போறது?"

சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கடை திறக்கும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன்.