ஞாயிற்றுக்கிழமை ஓடாத மிசின்

தேவகுமாரிக்கு முதலில் கோபம் வந்தது செய்தியின் மேல் அல்ல, எழுத்தின் அளவின் மேல். வானொலி நேயர் வட்டம் மாதம் ஒருமுறை அச்சடித்து அனுப்பும் நான்கு பக்கத் தாள் அது. அதன் முன்பக்கத்திலேயே கறுப்பாக, தடிப்பாக, ஒரு தலைப்பு: "இணையத்தில் கேட்டதை வானொலியில் கேட்டதாகச் சொல்லலாமா?" தையல் மேசையில் கிடந்த அளவு நாடாவை எடுத்து எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். உயரம் அரை அங்குலம்.

பெயர் போடவில்லை. "உடுவிலைச் சேர்ந்த சகோதரி ஒருவர்" என்று மட்டும் இருந்தது. வட்டத்தில் முப்பத்திரண்டு பேர். அதில் பெண் ஒருத்திதான். அவள் இருப்பதும் உடுவிலில்தான். பெயரைப் போட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அந்தச் சகோதரி தேவகுமாரியின் தங்கை ஷாமினி. சங்கக்கடையில் வேலை செய்கிறாள். வயது நாற்பத்திரண்டு. பகலில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுப்பவள் விடியற்காலை ஐந்து மணிக்கு, கையில் அடங்கும் ஒரு வானொலிப் பெட்டியை யன்னலில் வைத்துக்கொண்டு உலகத்தைக் கேட்பாள். முருங்கையில் கட்டினால் கிளை முறியும் என்று கிணற்றுத் தூணிலிருந்து பின்வேலிப் பனைவரை, வானொலிக்கு அலை பிடிக்க, செப்புக் கம்பி இழுத்திருந்தாள். எரிந்துபோன நீரிறைக்கும் மோட்டருக்குள் இருந்த கம்பி அது. ஒவ்வொரு முழமாகச் சுற்றுப் பிரித்து எடுத்தது அவள்தான். ஏணியைப் பிடித்தது தேவகுமாரி.

அப்படிக் கேட்டதை, எந்த நிமிடத்தில் என்ன பேசினார்கள், என்ன பாட்டுப் போட்டார்கள், சத்தம் எவ்வளவு தெளிவு என்று எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்புவாள். உண்மைதான் என்று கண்டால் அவர்கள் ஓர் அட்டை அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினொரு அட்டைகள். அவற்றை வைக்க, வெள்ளைத் துணியில் கண்ணாடித் தாள் பை பையாக வைத்துத் தைத்து, சுவரில் தொங்கவிட்டுக் கொடுத்தவள் தேவகுமாரி. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். பார்க்காதவர்களுக்குத் தேத்தண்ணி கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

ஷாமினிக்கு இந்தக் காது சும்மா வந்ததல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் வீட்டு வானொலி பேசியது. சுற்றியது பதினாறு வயதுத் தேவகுமாரி. நிலையம் பிடிக்க முள்ளைத் திருப்பியது எட்டு வயது ஷாமினி. அக்காவின் கை சோர்ந்தால் செய்தியாளரின் குரலும் சோரும். "சுத்தக்கா, சுத்து! ஆள் சாகிறான்!" என்று சின்னவள் கத்துவாள். தகப்பனார் மற்றப் பக்கம் திரும்பிச் சிரிப்பார். தேவகுமாரி சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுத் தையல் மிசினில் ஏறினாள். ஷாமினி அந்த முள்ளை விடவேயில்லை.

தாளில் எழுதியிருந்த குற்றம் இதுதான். மேற்கு ஆபிரிக்காவில் உள்ள மிகச் சிறிய சிற்றலை நிலையம் ஒன்றை அறுபது மீற்றர் அலைவரிசையில் மார்ச் எட்டாந் திகதி கேட்டதாக அந்தச் சகோதரி அறிக்கையும் ஒலிப்பதிவும் தந்திருக்கிறார். அதே நாள், அதே விடியற்காலை, அதே அலைவரிசையில் வட்டத்தின் தலைவர் தமது பெரிய பெட்டியில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். இரைச்சலைத் தவிர எதுவும் வரவில்லை. வெளிநாட்டில் யாரோ வைத்திருக்கும் வானொலியை இப்போது இணையம் வழியாகத் திருப்பிக் கேட்க முடியும். ஆகவே தொலைதூர நிலையம் கேட்டவர்களின் இந்த வருடப் பட்டியலிலிருந்து சகோதரியின் பெயர் நீக்கப்படுகிறது.

தலைவர் ஹரோல்ட் மாஸ்டர். வட்டுக்கோட்டைக்காரர், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டி அவருடைய மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஷாமினி அழவில்லை. வேலையால் வந்து தாளை வாசித்தாள், மடித்து வைத்தாள், ஏணியை எடுத்தாள். தேவகுமாரி குசினியிலிருந்து வெளியே வந்தபோது கம்பி பாதி இறங்கியிருந்தது.

"எடியே, என்ன செய்யிறாய்?"

"கழட்டிறன்."

"ஏன்?"

"இனி நான் எதைக் கேட்டாலும் உவை கள்ளமெண்டுதானே சொல்லுவினம். அவரோடை ஆர் நிண்டு கதைக்கிறது? பெரிய மனிசன். விடக்கா."

கம்பியை முழங்கையில் வளையமாகச் சுற்றி, வானொலியையும் அதோடு சேர்த்து, பழைய தலையணை உறையொன்றில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். அடுத்த நாள் விடிய அவள் எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் எழும்பவில்லை. ஆறரைக்கு எழும்பி, முகம் கழுவி, கடைக்குப் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் நெருப்புக் காய்ச்சலோடுகூட ஐந்து மணிக்கு எழும்பினவள்.

மூன்றாம் நாள் தேவகுமாரி உறையைக் கீழே இறக்கி மேசையில் வைத்தாள்.

"அந்தப் பதிவைப் போடு. நானும் கேக்கவேணும்."

"உனக்கு என்னக்கா விளங்கப் போகுது?"

"எனக்கு விளங்காததை வைச்சோ என்ரை தங்கச்சியைக் கள்ளியெண்டு எழுதினவங்கள்? போடடி."

வானொலியின் காதுக்குழாய்த் துளையிலிருந்து நேரே ஒரு சின்னப் பதிவுக் கருவிக்கு வயர் கொடுத்துத்தான் ஷாமினி பதிவு செய்வாள். அறையில் யார் கத்தினாலும் அதில் விழாது, வானொலிக்குள் வந்தது மட்டுமே விழும். தேவகுமாரி காதில் வைத்தாள். மணலை முறத்தில் புடைக்கிறது போல ஓர் இரைச்சல். அதற்குக் கீழே ஓர் ஆண் குரல், தெரியாத பாஷை. மேளம். பிறகு குறுக்கே ஒரு கீறல்: கிர்ர். நின்றது. கிர்ர். நின்றது.

"உதென்ன?"

"உன்ரை மிசின்தான். வேறென்ன? எத்தினை தரம் சொன்னனான், ஐஞ்சரை வரைக்கும் நிப்பாட்டு நிப்பாட்டெண்டு. உன்ரை மோட்டர் ஓடினால் அந்தக் கரகரப்பு கம்பியாலை வந்து ரேடியோவுக்குள்ளை பூந்திடும்."

அது உண்மை. காலால் மிதிக்கும் மிசினுக்கு நாலு வருடத்துக்கு முன் மோட்டர் பூட்டிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் இதே சண்டைதான். தேவகுமாரி விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள். இருபத்திநாலு சின்னக் கீறல், பிறகு நீளமாக ஒன்று. அவளுக்கு உடனே தெரிந்தது. இருபத்திநாலு மடிப்புப் பாவாடை. உயிர்த்த ஞாயிறுக்குப் பாட வேண்டிய பிள்ளைகளுக்குத் தைத்தது. மடிப்புக்கு ஒரு சின்ன ஓட்டம், கடைசியில் இடுப்புப் பட்டி. தன் தையலைத் தானே காதால் கேட்டது இதுதான் முதல் தடவை. தங்கையிடம் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஓட்டங்கள் எல்லாம் ஒரே நீளம்.

வேலைக் கொப்பியை எடுத்தாள். எந்த உடுப்பு, யாருக்கு, எந்த நாள் வெட்டினது, எந்த நாள் தைத்தது எல்லாம் அதில் இருக்கும். பாவாடை தைத்தது மார்ச் ஒன்பது, திங்கள், விடிய.

தாளில் இருந்தது எட்டு. எட்டு ஞாயிற்றுக்கிழமை.

தேவகுமாரியின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மிசின் ஓடாது. தகப்பனாரின் காலத்திலிருந்து அது கட்டளை. இடம்பெயர்ந்து தென்மராட்சியில் பள்ளிக்கூட வாங்கில் படுத்த காலத்தில், கிழிந்த சட்டையோடு இருந்தார்களே தவிர, ஞாயிற்றுக்கிழமை ஊசி தொட்டதில்லை. பிறகெப்படி ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் அவளுடைய மிசின் ஓடும்?

"எடியே," என்றாள். "திகதியை மாத்தி எழுதினனியோ?"

"என்ன?"

"எட்டாந் திகதி நான் மிசின் தொடேல்லை. பொய்யே எழுதினனி? அந்த மனிசன் சொன்னது சரியோ? சொல்லடி! இந்த வீட்டிலை இருந்துகொண்டு பொய்யே எழுதினனி?"

ஷாமினிக்கும் கோபம் ஏறியது.

"விசரி! அது உலக நேரமக்கா! அறிக்கை எழுதேக்கை எல்லா நாட்டுக்காரரும் ஒரே மணிக்கூட்டைத்தான் பாவிக்கிறது. அது எங்கடை நேரத்துக்கு ஐஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு. இஞ்சை திங்கள் விடிய ஐஞ்சு இருபது எண்டால், அந்த மணிக்கூட்டிலை ஞாயிறு இரவு, பன்ரண்டடிக்கப் பத்து நிமிசம் கிடக்கு. அதுதான் எட்டு எண்டு போட்டனான். நீ ஒண்டும் தெரியாமல்…"

"பொறு."

"என்ன பொறு?"

"அப்ப மாஸ்டர் எண்டைக்குக் கேட்டவர்?"

ஷாமினி தாளைப் பறித்து மறுபடி வாசித்தாள். "அதே நாள், அதே விடியற்காலை." எட்டாந் திகதி விடிய. ஞாயிற்றுக்கிழமை.

"ஒரு நாள் முந்திக் கேட்டிருக்கிறார்," என்றாள் மெதுவாக. "புதுசாச் சேருற ஆக்கள் விடுகிற பிழை."

"கூட்டம் எப்ப?"

"சனிக்கிழமை. அக்கா, வேண்டாம். நான் கடிதம் ஒண்டு எழுதிவிடுறன்."

"கடிதமோ? அரை அங்குல எழுத்துக்குக் கடிதமோ?"

சனிக்கிழமை பின்னேரம் வட்டுக்கோட்டை வாசிகசாலைக்கு முன்னால் ஓர் ஓட்டோ நின்றது. அதிலிருந்து தேவகுமாரி இறங்கினாள், பிறகு தையல் மிசினின் தலை இறங்கியது, கடைசியாக முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஷாமினி இறங்கினாள். வாசலில் நின்ற செயலாளர் கனிசியஸ் ஓடிவந்து மிசினில் ஒரு கை கொடுத்தான். மயிலிட்டியில் படகு எஞ்சின் திருத்துகிறவன். வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, ஆருக்கு அளவெடுக்க வந்தனீங்கள்?"

"உங்கடை தலைவருக்கு."

உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஹரோல்ட் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கச்சி, மனவருத்தம் எண்டால் விளங்குது. ஆனால் இது விஞ்ஞான விசயம்."

"விஞ்ஞானம் எனக்குத் தெரியாது மாஸ்டர். நான் சாதாரண தரத்தோடை நிண்டனான். எனக்குத் தெரிஞ்சது கிழமை. நீங்கள் எண்டைக்குக் கேட்டனீங்கள்?"

"எட்டாந் திகதி. எழுதியிருக்கிறனே."

"என்ன கிழமை?"

"ஞாயிறு. விடிய. கேட்டுப்போட்டுத்தான் கோயிலுக்கு வெளிக்கிட்டனான்."

"சரி. இதைக் கேளுங்கோ."

கனிசியஸ் பதிவை ஒலிபெருக்கியில் போட்டான். இரைச்சல், குரல், மேளம். பிறகு கிர்ர், கிர்ர் என்று இருபத்திநாலு. தேவகுமாரி சுவரில் வயரைச் செருகி, வானொலியைப் பக்கத்தில் வைத்து, ஒரு துண்டுத் துணியில் மடிப்பு மடிப்பாக ஓட்டினாள். வானொலி அதே குரலில் கத்தியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வெளிநாட்டிலை இருக்கிற ரேடியோவை இணையத்திலை கேட்டவளெண்டு எழுதினியள். அந்த ரேடியோவுக்குள்ளை என்ரை மிசின் என்னெண்டு மாஸ்டர் போனது? உடுவிலிலை என்ரை வீட்டு யன்னலடியிலை கேட்டால்தான் உது வரும். மற்றது, ஞாயிற்றுக்கிழமை என்ரை மிசின் ஓடாது. எங்கடை சபையிலை ஆரையும் கேளுங்கோ. உது திங்கள் விடிய. இந்தா கொப்பி."

"அப்ப அறிக்கையிலை எட்டு எண்டு…" என்று தொடங்கிய மாஸ்டர் அதிலேயே நின்றார். கனிசியஸ் விரலால் ஐந்தரை மணித்தியாலம் எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஐயோ மாஸ்டர்! உலக நேரத்திலை எட்டு, எங்களுக்கு ஒன்பது விடிய. நீங்கள் ஒரு நாள் முந்திப் போய்க் குந்தியிருக்கிறியள். பஸ் வராத நாளிலை பஸ்சுக்கு நிண்ட மாதிரி!"

இதுவரை வாயே திறக்காத ஷாமினி எழும்பினாள். சுவரில் ஒட்டியிருந்த வட்டத்தின் விதிகளில் மூன்றாவதைப் படித்தாள். "நேரம் மட்டுமல்ல, திகதியும் உலக நேரப்படியே எழுதப்படல் வேண்டும். ஒப்பம், தலைவர்." படித்துவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள். அவளுடைய கோபம் அவ்வளவுதான். தேவகுமாரிக்கு அது போதாது.

மாஸ்டரின் காது சிவந்திருந்தது. "நான் என்ரை கொப்பியை எங்கடை நேரத்திலைதான் வைச்சிருக்கிறனான். அதாலை… சரி, ஒரு சின்னப் பிழை. இதுக்குப் போய் மிசினெல்லாம் தூக்கிக்கொண்டு…"

"சின்னப் பிழையெண்டால் சின்ன எழுத்திலை போட்டிருக்கலாமே, மாஸ்டர்."

தேவகுமாரி தாளை விரித்து மாஸ்டருக்கு முன்னால் வைத்தாள்.

"உடுவில் சகோதரியெண்டு இனி வேண்டாம். செல்வரத்தினம் ஷாமினி. முழுப் பேர். முன்பக்கம். அதே அரை அங்குலம். பிழை விட்டது நீங்களெண்டும் இருக்கவேணும்."

"போடுறன்," என்றார் மாஸ்டர், தேவகுமாரியைப் பார்த்து.

"என்னட்டைச் சொல்லாதையுங்கோ. அங்கை இருக்கிறாள்."

அவர் திரும்பினார். "பிள்ளை, பிழை என்ரை." ஷாமினி தலையாட்டினாள்.

அன்றைக்கே, பொழுதுபட முன்னமே, கம்பி பனைக்குப் போய்விட்டது. ஏணியைப் பிடித்தபடி தேவகுமாரி வட்டுக்கோட்டையில் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்த்தாள்.

ஏப்ரல் தாள் ஒரு வியாழன் பின்னேரம் வந்தது. வெள்ளி விடிய ஐந்து மணிக்கு ஷாமினி யன்னலடியில் இருந்தாள். மிசின் மூடியிருந்தது. தேவகுமாரி பக்கத்தில் இருந்து கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை அவள் இழுத்த இழுப்பில் நூல் இரண்டு தரம் அறுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் ஷாமினி, காதுக்குழாயைக் கழற்றாமலே, ஒரு கையைத் தூக்கினாள்.

ஐந்தரைக்கு அந்தக் கை இறங்கியது.

"முன்பக்கம் போட்டிருக்கிறார்," என்றாள் தேவகுமாரி. "முழுப் பேர் போட்டிருக்கிறார். பிழை தன்ரையெண்டும் போட்டிருக்கிறார்."

"பிறகென்னக்கா?"

"கால் அங்குலம்."

அளவு நாடாவைச் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள். வட்டுக்கோட்டைக்கு முதல் பஸ் ஆறேகாலுக்கு.