கண் பார்த்து ஏற்றிய வண்டி

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. இன்று கோவில்பட்டிச் சந்தையில் என் லாரி வரும் நேரத்தைப் பார்த்துக் கடை திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறார்கள். மூளை என்று ஒன்று இருந்தால் அது யாருக்காகவும் காத்திருக்காது. எனக்குப் பால் பல் விழுகிற வயதிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஊரையே மெட்ராஸ் ஐ பிடித்து ஆட்டிய வருஷத்தில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் எட்டயபுரத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கிற சின்ன ஊர். மழை பெய்தால் எல்லாரும் நிலம் உழுகிற சம்சாரி, பெய்யாவிட்டால் எல்லாரும் கூலிக்காரர்கள். அந்த வருஷம் பெய்யவில்லை. கம்பு முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. அய்யா கோவில்பட்டிக்கு நடந்துபோய்ப் பருத்திக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கப் பார்ப்பார். ஆள் வேண்டுமென்றால் வேலை, இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பி நடை. எங்கள் அடுப்பு எரிந்தது அம்மாவும் நானும் போன தீப்பெட்டி ஆபீஸால்தான். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த வகையில், அரை டிராயரோடு ஆபீஸ் போனவன் நான்.

குச்சி அடுக்குவது எங்கள் வேலை. மருந்தில் முக்குவதற்குத் தோதாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும்படி குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கவேண்டும். அடுக்கி முடித்த சட்டத்துக்குத்தான் கூலி. வராத நாளுக்கு ஒன்றும் கிடையாது. என் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கப் பக்கத்து வரிசைப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். 'இவனுக்கு விரலா, தறியா?' என்று மேஸ்திரியே ஒருநாள் கேட்டார். அதை விடுங்கள்.

விடியும் முன்னாலேயே ஆபீஸ் வண்டி ஊர்முனைக்கு வந்துவிடும். பழைய பஸ். டிரைவர் இறங்கமாட்டார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருப்பார். ஆட்களைக் கூட்டி ஏற்றுவது ஏஜெண்டு அண்ணாச்சி. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். மாதச் சம்பளமெல்லாம் அவருக்குக் கிடையாது; தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். என்னைப் போன்ற பொடியன்கள் அரைத் தலை. வண்டி நிறையாத ஊருக்கு வண்டி வராது, பக்கத்து ஊர் ஏஜெண்டு அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுபோய்விடுவார். அதேபோல ஒருத்தி நாலு நாள் வராமல் நின்றால் அவள் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாள். மழை இல்லாத வருஷத்தில் வண்டியில் ஓர் இடம் என்பது நஞ்சை நிலம் மாதிரி. விட்டால் திரும்பக் கிடைக்காது.

இந்த நிலைமையில்தான் மெட்ராஸ் ஐ வந்தது. முதலில் எங்கள் முதலாளிக்கு வந்தது. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டு மாடியில் படுத்துவிட்டார். கணக்குப்பிள்ளை பேரேட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் ஆபீசுக்கும் அலைந்தார். முதலாளி நல்ல மனிதர், விவரமானவர். மாடியிலிருந்தபடியே உத்தரவு போட்டார்: கண் சிவந்தவர்கள் வண்டியில் ஏறக்கூடாது, சரியாகும்வரை வீட்டில் இருக்கட்டும், ஏஜெண்டு ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து ஏற்றவேண்டும். டாக்டர் சொல்லியிருந்தால்கூட இதைத்தான் சொல்லியிருப்பார். வீட்டில் இருக்கிற நாளில் கஞ்சிக்கு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லி அனுப்ப மறந்துவிட்டார்.

மறுநாள் விடியக்காலையில் ஏஜெண்டு அண்ணாச்சி வண்டி வாசலில் டார்ச்லைட்டோடு நின்றார். வாசலுக்கு முன்பக்கம், டிரைவர் இருக்கிற பக்கமாக நிற்பார். படியில் கால் வைக்கிறவளின் இடது கண் அவர் பக்கம் வரும். பெருவிரலால் கீழ் இமையை இழுத்து, வெளிச்சத்தை அடித்து, 'ஏறு' என்பார். ஒரு கண்ணைப் பார்த்தால் போதும், அவருக்கு அவசரம். இதில் ஒரு வேடிக்கை. மெட்ராஸ் ஐ, கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் முழுக்க நம்பிக்கை. அதனால் புருஷன் பொண்டாட்டிகூட எதிரெதிரே பார்த்துப் பேசுவதில்லை. அண்ணாச்சியும் முகத்தை அந்தப் பக்கம் பாதி திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். விரல் மட்டும் இமையில் இருக்கும்.

முதல் நாளே அடுத்த வீட்டு அத்தை மாட்டிக்கொண்டாள்.

"எறங்கு மதினி."

"வெங்காயம் நறுக்குனேன் அண்ணாச்சி, அதான் செவந்து கெடக்கு."

"ஆமா, விடியுமுன்ன வெங்காயம் நறுக்கி விருந்து வச்சிருக்கா" என்று வண்டிக்குள்ளிருந்து ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். பிறகு வண்டி நகரும்வரை படியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு மட்டும் ஆசையா மதினி? மொதலாளி உத்தரவு" என்றார் அண்ணாச்சி.

அத்தைக்குக் கண் சரியாகி வந்தபோது, அவள் இடத்தில் அவளுடைய நாத்தனாரே உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுச் சண்டையை எழுதினால் தனிப் புஸ்தகம் ஆகும்.

அதற்கடுத்த சில நாட்களில் ஒருநாள் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். புகை என்றுதான் நினைத்தேன். அவள் திரும்பியபோது பார்த்தால் இடது கண் பழுத்த கோவைப்பழம். அய்யா பார்த்துவிட்டு உடனே சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குப் போகாத. பய மட்டும் போட்டும்" என்றார்.

"பய கொண்டாரது அரைக் கூலி. நீங்க கெட்டங்கிக்குப் போயி எத்தன நாளாச்சு?"

அய்யா சுவரிடமே கேட்டார்: "எடம் போயிருமா?"

"போயிரும்."

அம்மா எழுந்துபோய்க் கோயில் வளவிலிருந்த நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து தண்ணீரில் ஊறப்போட்டாள். நாங்கள் வேதக்காரர்கள், அந்தச் செடி மாதாவுக்குப் பூ வைக்க வளர்த்தது. வேண்டுதலையும் பூவையும் ஒரே கையோடு முடித்துக்கொண்டு வந்தாள். பூ ஊறிய தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் அடைத்துக் கண்ணில் விட்டுக்கொண்டாள். குளிர்ச்சிதான். சிவப்பு போகவில்லை.

நான் யோசித்தேன். நாலாம் வகுப்பு மூளைதான், ஆனால் யோசித்தது. அண்ணாச்சி முன்பக்கம் நிற்பதால் இடது கண்ணைப் பார்க்கிறார். அம்மாவின் வலது கண் பால் மாதிரி இருக்கிறது. அம்மாவை மாற்றமுடியாது, கண்ணை மாற்றமுடியாது. அண்ணாச்சியை மாற்றலாம் அல்லவா?

மறுநாள் வரிசை நகர ஆரம்பித்ததும் நான் வண்டியின் பின்பக்கத்திலிருந்து கத்தினேன்.

"அண்ணாச்சி, பின் டயர்ல காத்து இல்ல!"

"ஏலே, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மிதிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. அமுங்குது."

அண்ணாச்சி திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். டயரை ஓர் உதை விட்டார். எனக்கும் முதுகில் ஒன்று வைத்தார். நான் கணக்குப் போட்டது சரியாக நடந்தது: திரும்பிப் போகிறவர் வாசலில் நின்ற வரிசையைச் சுற்றி முன்பக்கம் போக அலுத்துக்கொண்டு, பின்பக்கத்திலேயே நின்றுவிட்டார். இப்போது படியேறுகிறவர்களின் வலது கண் அவர் பக்கம். அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். பெருவிரல் வலது இமையை இழுத்தது. வெளிச்சம் அடித்தது.

"ஏறு மதினி."

முதுகு எரிந்துகொண்டிருந்தாலும் அன்று வண்டிக்குள் நான் உட்கார்ந்த உட்காரல் இருக்கிறதே, பின்னாளில் முதல் லாரிக்கு மாலை போட்டபோதுகூட அப்படி உட்கார்ந்ததில்லை. அந்த இடமே சௌகரியமாக இருக்கிறது என்று அண்ணாச்சிக்கும் தோன்றியிருக்கவேண்டும். அன்றிலிருந்து அவர் பின்பக்கமே நின்றார்.

நோய் அடங்கவில்லை. வண்டிக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் போனோம். ஆபீசில் வரிசை வரிசையாகச் சிவந்தது. மேஸ்திரி சிவந்தார், மருந்து முக்குகிறவர் சிவந்தார். ஆளாளுக்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒருத்தி தாய்ப்பால் வாங்கி விட்டுக்கொண்டாள், ஒருத்தி மஞ்சளை முகம் முழுக்க அப்பிக்கொண்டு வந்தாள், இன்னொருத்தி அண்ணாச்சி விரலை நீட்டும்போதெல்லாம் தும்மினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிப் பேருக்குக் கண் சிவந்து நீர் வடிந்தது. பூசை வைக்க வந்த சாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவத்துக்காக இப்படி அழுத சபையை நான் எங்கயும் கண்டதில்ல" என்றார். அதன்பிறகு சீக்கிரமாக ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அப்போது நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். என்னவென்று புரியாமல் கவனித்தது. டார்ச் சோதனை வந்தபிறகு முதலில் நோய் கண்டவர்கள் எல்லாருக்கும் இடது கண்ணில் தொடங்கியது. நான் டயர் வித்தை காட்டிய பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வலது கண்ணில் தொடங்கியது. நோய் மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்காக நான் மதுரையில் படுத்திருந்தபோது, அங்கே ஒரு நர்ஸம்மா ஒவ்வொருவர் கண்ணையும் தொடும்முன் கையைக் கழுவிக்கொண்டுதான் அடுத்த கட்டிலுக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவனுக்குத் திடீரென்று அந்தப் பெருவிரல் ஞாபகத்துக்கு வந்தது. நோயைத் தடுக்கத்தான் அந்த விரல் நின்றது. ஒருத்தி இமையிலிருந்து அடுத்தவள் இமைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த விரல்தான். ஒரு ஊரின் நோயை இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்கு மாற்றியவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கட்டிலில் கிடந்து தனியாகச் சிரித்தேன். நர்ஸம்மா 'அசையாதீங்க' என்று அதட்டியது.

அந்தக் காலத்துக்கு வருகிறேன். இரண்டொரு நாளில் அம்மாவின் வலது கண்ணும் சிவந்துவிட்டது. இனி அண்ணாச்சியை வண்டிக்கு மேலே நிறுத்தினாலும் பிரயோஜனமில்லை. என் மூளைக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா வழக்கம்போல் கூடையில் கஞ்சிச் சட்டியை வைத்தாள், அந்தப் பாட்டிலையும் வைத்தாள். வழியெல்லாம் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். இன்று இறக்கிவிடுவார்கள், நாளைக்கு நம் இடத்தில் வேறொருத்தி இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

அம்மா படியில் கால் வைத்தாள். அண்ணாச்சி இமையை இழுத்தார். டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கண் எனக்குக் கீழிருந்தே தெரிந்தது, மிளகாய்ப் பழம். அவர் இமையை விட்டார்.

"ஏறு மதினி" என்றார்.

என்னால் நம்பமுடியவில்லை. அண்ணாச்சிக்குப் பார்வை போய்விட்டது என்று நினைத்தேன். என் முறை வந்தது. அவர் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்போது வெளிச்சம் கீழிருந்து அவர் முகத்திலேயே அடித்தது. இத்தனை நாளும் டார்ச்சுக்குப் பின்னால் இருட்டுக்குள் இருந்த முகம். இரண்டு கண்ணும் வீங்கி, இமை ஒட்டி, பீளை வழிந்துகொண்டிருந்தது. ஊரிலேயே அப்படி ஒரு கண்ணை நான் பார்க்கவில்லை. இன்று நேற்று வந்ததாகவும் தெரியவில்லை.

"ஐயோ, அண்ணாச்சி! ஒங்க கண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

படியிலிருந்த அம்மா என் காதைப் பிடித்துத் திருகி உள்ளே இழுத்தாள். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"அவியளுக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல, பாவம். ஊரு ஆள எழுப்பிவிடணும்லா" என்று அம்மா டிரைவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். பிறகு கூடைக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்து, கையைத் தாழ்த்தி அண்ணாச்சியிடம் நீட்டினாள். "நந்தியாவட்டத் தண்ணி. ஆபீஸ் வாரதுக்குள்ள ரெண்டு சொட்டு விட்டுக்கிடுங்க. கணக்கப்பிள்ள கண்ணுல பட்டுராதிய."

அண்ணாச்சி பாட்டிலை வாங்கி மடியில் சொருகிக்கொண்டார். மீதி ஆட்களை டார்ச் அடிக்காமலேயே ஏற்றினார்.

வண்டி கிளம்பியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தையை இறக்கிவிட்டவர். என் முதுகில் ஒன்று வைத்தவர். அவருக்கு எங்கள் வீட்டு மருந்து.

"அவரு கண்ணுந்தான செவந்திருக்கு? அவரையுந்தான எறக்கிவிடணும்?" என்று அம்மாவின் காதில் சொன்னேன்.

"எறக்கிவிட்டா நாளைக்கு நம்ம ஊருக்கு வண்டிய யாருல கொண்டாருவா?" என்றாள் அம்மா. "பேசாம வா."

சன்னலுக்கு வெளியே கரிசல் வெளுத்துக்கொண்டு வந்தது. வண்டியை ஓட்டிவருகிறவர் டிரைவர். அது அரை டிராயர் போட்ட எனக்கே தெரியும். இத்தனை நாள் ஆபீஸ் போகிற அம்மாவுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்து, அவளுக்காக நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.