மைதானத்தில் விரித்த வெள்ளைத் துணி

அன்று பின்னேரம் இடி விழுந்து பெல்மதுளைக்குப் போகும் டெலிபோன் கம்பி அறுந்திருந்தது. றக்வானத் தபால் கந்தோரில் என் டெலிபோன் பலகை ஊமையாகக் கிடந்தது. செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்தேன்: பற்றரியைப் பார்த்தேன், இணைப்புகளை இறுக்கினேன், பெல்மதுளையை மறுபடி அழைத்தேன். பிறகு சும்மா உட்கார்ந்தேன். மேகத்துக்குள் ஓர் ஆகாய விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி நனைந்தபடி வந்து ஒரு சிறு பையை நீட்டினார். விமானம் தாழப் பறந்து பந்து மைதானத்தில் அதைப் போட்டதாம். தோட்டத்துத் துரை இரத்தினபுரி போயிருந்ததால், உள்ளே இருந்த இங்கிலீசைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தார். உள்ளே ஓர் ஈயக் கட்டி, பென்சிலால் எழுதிய ஒரு துண்டு. எழுதியவர் மதராசிலிருந்து விமானத்தில் தபால் கொண்டு வருகிறவர், புயல் மேகத்தில் வழி தவறிவிட்டார், வயர்லெஸ்ஸில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, பெற்றோல் குறைவு, கொழும்பு எந்தத் திசை என்று தரையில் காட்டவும்.

வாசித்துச் சொன்னதும் கங்காணி ஓடினார். கந்தோரைப் பூட்டிவிட்டு நான் போய்ச் சேர்வதற்குள் மைதானத்தில் துணிகளால் ஓர் அம்பு தயாராகியிருந்தது. துரை பங்களாவின் படுக்கை விரிப்புகள், மேசைத் துணிகள், தொழிலாளர் லயத்து வேட்டிகள், மாதா கோயில் பீடத் துணி. பஜாரில் கடையும் சொந்தமாக ஒரு பஸ்ஸும் வைத்திருந்த முஸ்லிம் முதலாளி குடை பிடித்து நின்று மேற்பார்த்தார்.

அம்பு பஸ் போகும் ரோட்டைக் காட்டியது. அந்தப் பக்கம் நேரே பறந்தால் சிவனொளிபாத மலைத் தொடர். மேகத்தில் அது தெரியாது.

பயிற்சியில் எங்களுக்குத் தந்த வரைபடத்தில் றக்வானக் கம்பி வடக்கே பெல்மதுளைக்குப் போய், அங்கிருந்துதான் மேற்கே மடங்கிக் கொழும்புக்குப் போகும். அந்த மடக்கு இல்லாமல் இங்கிருந்தே நேர்கோடு இழுத்தால் கொழும்பு மேற்கே, கலவானப் பக்கம். அதைச் சொன்னேன்.

"கலவானப் பக்கம் காடுதான் இருக்கு, தங்கச்சி. நான் வாராவாரம் கொழும்பு போறவன்" என்றார் முதலாளி.

"டெலிபோன் அம்மாவுக்கு வானத்துல ரோடு தெரியுது போல" என்றாள் கொழுந்தெடுக்கும் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

"பஸ் மலையச் சுத்திப் போகுதுங்க. இவரு சுத்த மாட்டாரு. நேராப் போயி மலையிலதான் மோதுவாரு."

லைனில் ஆள் இருக்கிறது என்று அழைப்பவர்களிடம் சொல்லும் அதே குரலில் சொன்னேன். முதலாளி மலைப் பக்கம் பார்த்தார். பிறகு குடையை மடக்கிப் போட்டுவிட்டு ஒரு விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்தார்.

துணிகள் பாதி திரும்பியிருந்தபோது விமானம் மேகத்தின் கீழ் வந்தது. அப்போது அம்பு எந்தப் பக்கத்தையும் காட்டவில்லை. விமானம் தலைக்கு மேலாக ரோட்டுப் பக்கமே போயிற்று. கங்காணி ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மீதித் துணிகளையும் திருப்பிக் கல் வைத்தோம். பீடத் துணியில் சேறு பட்டிருந்ததைக் கவனித்தேன்.

சத்தம் தேய்ந்து, மறுபடி வளர்ந்தது. விமானம் திரும்பி வந்தது. மிகவும் தாழ்ந்து, ஓர் இறக்கையைச் சாய்த்து, கலவானப் பக்கம் போய் மேகத்துக்குள் மறைந்தது.

இத்தனை துணியையும் இனி யார் வெளுப்பது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கம்பியைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. காத்திருந்தவர்களின் அழைப்புகளை முதலில் இணைத்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் கொழும்பு ஒப்பரேட்டரிடம் கேட்டேன். விமானம் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமானத் தளத்தில் இறங்கிவிட்டதாம். தரையிலிருந்து வயர்லெஸ்ஸில் விடாமல் விமானியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். வேறு அழைப்பு உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. காத்திருந்தேன், வரவில்லை.

தபால் முத்திரை வாங்க வந்த முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கையையும் ஏந்தி இறைவனுக்கு நன்றி சொன்னார். பிறகு வாசலில் நின்று பஸ் ரோட்டைக் காட்டினார்.

"ஆனாலும் தங்கச்சி, கொழும்பு இந்தப் பக்கம்தான்."

முத்திரையைத் தாளிலிருந்து கிழித்துக் கொடுத்தேன்.