இரண்டாம் கியரில் ஓர் உதறல்

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். மாடம்பாக்கம் சாலையில் ஒரு தகரக் கொட்டகையின் கீழ், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் என்ன சொன்னேன், அதன்பின் என்ன கண்டேன் என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். எங்கேயாவது எனக்குச் சாதகமாக வளைக்கிறேன் என்று தோன்றினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார் என் தாய்மாமாவுடையது. வளைகுடாவில் வேலை பார்த்த அவர், என்னைவிட வயதில் மூத்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் நிறுத்திவைத்திருந்தார். இரண்டே இருக்கை; நீண்ட மூக்கு; பின்சக்கரங்கள் தள்ளும் வண்டி. வாரம் ஒருமுறை ஓட்டி வை என்பது அவர் கட்டளை. நான் அதைப் பேச்சுப் போட்டிகளுக்கு ஓட்டிச் சென்றேன். கல்லூரி வாசலில் அந்தக் காரிலிருந்து வெள்ளைச் சட்டையோடு இறங்குபவன், மேடை ஏறுவதற்கு முன்பே பாதி வென்றவன் என்று அப்போது மனமார நம்பினேன்.

கிளட்ச் பிளேட் மாற்றிய மூன்றாவது வாரத்தில் அந்தக் கோளாறு தெரிந்தது. கேம்ப் ரோடு நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இருக்கைக்குக் கீழே ‘டக்’ என்று ஓர் ஓசை. தொடர்ந்து கார் முன்னும் பின்னுமாக உதறியது. மறுபடி மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை; அடுத்த கணம் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பாய்ந்தது. என் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே எங்கோ ஒரு பிடி தளர்ந்திருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா, “என்னடா, வண்டி விக்கல் எடுக்குது?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே ஒரு விடை இருந்தது. கிளட்சை மாற்றியவன் ஏதோ செய்திருக்கிறான்.

மாற்றியவன் என் பள்ளித்தோழன். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிறகு அவன் ஐ.டி.ஐ.க்குப் போனான், நான் மேடைக்குப் போனேன். அவன் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, வண்டிக்காரரின் பக்கத்து இருக்கையில் வைத்துத் தருவான். ஒரு நட்டு மாற்றினாலும் அந்தப் பழைய நட்டு திரும்பி வந்துவிடும். இந்த முறை பழைய கிளட்ச் பிளேட் வரவில்லை. கேட்டதற்கு, “அது இங்கயே இருக்கட்டும் மச்சான்” என்று சொல்லிவிட்டு, ஓர் ஆட்டோவின் டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கினான். அந்த டயரில் காற்று சரியாகவே இருந்தது. நான் கவனித்தேன்.

சந்தேகம் ஒருமுறை உட்கார இடம் பெற்றுவிட்டால், பழைய நிகழ்ச்சிகளை எல்லாம் தன் பக்கம் அழைத்துக்கொள்கிறது. சொன்ன நாளைவிட இரண்டு நாள் தாமதமாகத்தானே வண்டியைக் கொடுத்தான்? சோதனை ஓட்டத்துக்கு என்னை ஏன் அழைக்கவில்லை? உதறலைத் தொலைபேசியில் சொன்னபோது, “நீ ஓட்டறப்போ மட்டும் அடிக்குதா?” என்று கேட்டானே, அது ஐயமா, ஏளனமா? தேய்மானம் இல்லாத அசல் பிளேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வேறெதையோ பூட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். போட்டிக்கு எழுதுவதுபோல் குறிப்பும் எழுதினேன்.

ஒன்றை ஒளிக்கக் கூடாது. நான்கு பள்ளி வேன்களை நடத்தும் ஓர் அக்கா, வேன்களைப் பழுதுபார்க்கும் வேலையை இனி யாரிடம் கொடுப்பது என்று பார்க்க அந்த ஞாயிறு தன்னிடம் வருகிறார் என்று அவனே என்னிடம் மகிழ்ச்சி பொங்கச் சொல்லியிருந்தான். அதுவரை அவனிடம் வந்தவை ஆட்டோக்கள் மட்டும். அந்த வேலை கிடைத்தால் பட்டறை நிற்கும். இல்லையென்றால் ஒரகடத்தில் தொழிற்சாலை ஷிப்டு வேலைக்குப் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தான். தெரிந்தேதான் அந்த ஞாயிற்றைத் தேர்ந்தெடுத்தேன். கேட்பவர் இல்லாத இடத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் தேநீரோடு அமர்ந்திருந்தார். இரண்டு ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள். நான் காரை நிறுத்தினேன்; இறங்கினேன்; தொடங்கினேன்.

“அக்கா, நீங்களே கேளுங்க. கிளட்ச் மாத்தினது இவன். மாத்தின மூணாவது வாரம் வண்டி உதறுது. பழைய பிளேட் எங்கன்னா பதில் இல்ல. நல்ல பிளேட்ட எடுத்துட்டுக் கண்டதை மாட்டிட்டியான்னு கேக்கறேன். கேக்கக் கூடாதா?”

“இன்னா பாய், சார் மைக்கு இல்லாமயே மீட்டிங் போட்டுகினு கீறாரு?” என்றார் ஓர் ஆட்டோக்காரர் மற்றவரிடம்.

தோழன் கையைத் துணியில் துடைத்தபடி, “மச்சான், உள்ள வா. உள்ள வந்து பேசு” என்றான்.

“ஏன், வெளிய பேசினா என்ன?”

அக்கா தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார். “ஒரு வண்டிக்கே இந்தக் கதைன்னா என் நாலு வண்டிக்கு இன்னா ஆவறது? கொயந்தைங்க போற வண்டிப்பா” என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் பேசி முடித்த இடங்களில் எல்லாம் கைத்தட்டல் எழுந்ததுண்டு. அங்கே ஸ்கூட்டர் போகும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

“பேசி முடிச்சிட்டியா?” என்றான் அவன். “சாவியக் குடு.”

பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியைக் கியரில் போட்டான். “படு. சட்டையப் பாக்காத.” இருவரும் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தோம். இதுவும் ஒரு நாடகமாக இருக்கலாம் என்று அப்போதும் எண்ணினேன். அவன் விரல்கள் எங்கே போகின்றன என்று கண் இமைக்காமல் பார்த்தேன்.

கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரம் நோக்கி ஒரு நீண்ட இரும்புத் தண்டு போகிறது. கியர்பாக்ஸின் சுழலும் முனையும் தண்டும் சேரும் இடத்தில், அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று ஒரு தடித்த ரப்பர் வளையம். இம்மூன்றின் மேலும் அவன் சாக்பீஸால் ஒரே நேர்க்கோடு கிழித்தான். பிறகு தண்டை இரு கைகளாலும் பற்றித் திருகினான்.

‘டக்.’

கேம்ப் ரோட்டில் கேட்ட அதே ஓசை. கோடு உடைந்தது. கியர்பாக்ஸ் பக்கத்துத் துண்டு அசையாமல் நின்றது. தண்டின் பக்கத்துத் துண்டு ஒரு கட்டைவிரல் அகலம் விலகிப் போய்த் திரும்பியது.

“கிளட்ச்ல லூசுன்னா அந்தப் பக்கத்துக் கோடும் நவுந்திருக்கணும். நவுந்துச்சா?”

“இல்ல.”

“கைய வெச்சுப் பாரு.”

தொட்டேன். தண்ணீரில் ஊறிய சோப்புபோல் ரப்பர் வழுவழுவென்று உப்பியிருந்தது. உள்பக்கம் விரிசல் ஓடியிருந்தது. அவன் நகத்தால் சுரண்டி முகர்ந்தான். பிறகு அந்த விரலை என் மூக்கருகே நீட்டினான்.

“இன்னாடா இது, டீசலா?”

விடை எனக்குத் தெரியும். ஒவ்வொரு போட்டிக்கு முதல்நாளும் வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் நிறுத்துவேன். கழுவி முடித்ததும் அடிப்பாகம் முழுவதும் டீசல் பீய்ச்சுவார்கள். துரு பிடிக்காது, பளபளப்பாகவும் இருக்கும் என்பார்கள். நான் தலையசைப்பேன். ஓராண்டாக ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

சொன்னேன். மேடையில் ஒருபோதும் வராத மெல்லிய குரலில் சொன்னேன்.

“டீசல் பட்டா ரப்பர் ஊதிப்பூடும்டா. அடிவயித்துக்கு இன்னாத்துக்குடா மேக்கப்பு? ஜட்ஜு வந்து கீழ படுத்துப் பாப்பாரா?”

வெளியே ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். தோற்கும் பேச்சாளன் கடைசிக் குறிப்பைப் பற்றிக்கொள்வதுபோல் நானும் ஒன்றைப் பற்றிக்கொண்டேன். “சரி, அப்ப பழைய பிளேட் எங்க?”

அவன் படுத்தபடியே கையை நீட்டிச் சுவரைக் காட்டினான். ஆணியில், எண்ணெய்த் தாளில் பாதி சுற்றிய நிலையில், அது தொங்கிக்கொண்டிருந்தது. பிளேட்டின் மேல்பரப்பான லைனிங், அதைப் பிணைத்த ரிவெட்டுகளின் தலை வரை தேய்ந்திருந்ததை அங்கிருந்தே காண முடிந்தது.

“உங்க மாமா போன் பண்ணாரு. இந்த வண்டிக்கு இனிமே பிளேட் கிடைக்காது, பழச வெச்சிரு, லைனிங் ஒட்டிக்கலாம்னாரு. உன்கிட்ட குடுக்க வாணாம், தொலைச்சிடுவன்னாரு. அத எப்படிடா உன் மூஞ்சிக்கு நேரா சொல்றது?”

காற்று சரியாக இருந்த டயரை அன்று அவன் குனிந்து பார்த்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“உடு. அக்கா இனிமே வராது” என்றான். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு மறுத்துப் பேசவாவது வழி இருந்திருக்கும்.

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். ஆட்டோக்காரர்கள் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள். காலையில் பேசிய அதே இடத்தில் நின்று, அவர்கள் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன்:

“மச்சான், அந்த ரப்பரக் கழட்டிக் குடு. நாளைக்குக் காலைல அக்காவோட வேனுங்க நிக்கற இடத்துக்கு அத எடுத்துட்டுப் போறேன். அக்கா முன்னாடியும், டிரைவருங்க எல்லார் முன்னாடியும், டீசல் அடிச்சவன் நான், உன்மேல பழி போட்டவனும் நான்னு சொல்றேன். அவங்க மொத வேன் இந்தக் கொட்டாய்க்குள்ள வர்ற வரைக்கும், தினமும் போய்ச் சொல்றேன்.”