சாமிக்கு எடுத்து வைத்த வாயு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் புகுந்த வீட்டில் ஒரு நல்லதும் நடந்தது, ஒரு கெட்டதும் நடந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், நான் இளைய மருமகள். மூத்த மருமகளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினோரு பேருக்கு நாங்கள் இரண்டு பேரும் பொங்கிப் போடுவோம். எரிப்பது சீமைக்கருவேல விறகு, அது ஈரமாக இருந்தால் சாணி தட்டிக் காயவைத்த எருவாட்டி. புகை அடுப்படியோடு நிற்குமா? கூடம், முற்றம், தொட்டில் கட்டிய அறை வரைக்கும் வரும். அக்காவுக்கு இளைப்பு வந்துவிட்டது. நாலு படி ஏறினால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காரைக்குடி டாக்டர், “மருந்து அப்புறம், முதல்ல புகையை விட்டுத் தள்ளி வைங்க” என்று சொல்லிவிட்டார்.

மாமனார் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அக்காவைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது. அங்கே அடுப்படி தனிக் கொட்டகையில் இருந்தது. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்காக இங்கேயே இருக்கும் என்றார்கள். “எத்தனை நாளைக்கு?” என்று நான் கேட்டேன். அக்கா புடவைகளை மடித்துத் தகரப்பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரம்தான் யூனியன் ஆபீசிலிருந்து கிராமசேவகர் சைக்கிளில் வந்தார். சாணியிலிருந்து வாயு எடுத்து அடுப்பெரிக்கலாம், அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, எட்டு மாடு இருக்கிற வீடு இது என்று மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, “புகை வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டேன். வரவே வராது என்றார். அப்புறம் நான் விடவில்லை. பத்து நாள் மாமனார் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதே பேச்சு. கடைசியில், வாயு எடுத்தது போக மிஞ்சுகிற கரைசல் வயலுக்கு நல்ல எரு என்று தெரிந்ததும் இறங்கி வந்தார்.

“ஒரே ஒரு தடவைதான் பாப்பேன். எரியலைன்னா அது எருக்குழி. மூத்தவள அவ ஊர்ல விட்டுருவேன். அப்புறம் ஒருத்தரும் பேசக் கூடாது, ஆமா.”

கொல்லையில் கிணறு மாதிரி குழி தோண்டி, சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்றி, மேலே இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார்கள். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். மூன்று வாரம் அசையவே இல்லை. அக்காவும் நானும் காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்போம். ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது முழங்கால் உயரம் எழும்பி நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன்.

அன்றைக்கே கிராமசேவகர் வந்தார். வந்தவர் பாராட்டுவார் என்று பார்த்தால், நேரே போய்க் குழாய்த் திருகைத் திறந்து எல்லாவற்றையும் காற்றில் விட ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்!

“என்னங்க பண்றீக? மொதல்ல வந்தத சாமிக்கில்ல வைக்கணும்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுல சேந்தத யாராச்சும் வெளிய விடுவாகளா?”

“முதல்ல சேர்றதுல காத்துதான் கலந்திருக்கும், எரியாதுங்க. ஒரு தடவை முழுசா வெளிய விட்டாத்தான்…”

எங்கள் வீட்டில் முதல் நெல், முதல் பூசணி, கன்று போட்ட மாட்டின் முதல் பால் எதுவானாலும் சாமிக்குத்தான். அவரைத் தள்ளாத குறையாக விலக்கித் திருகை மூடினேன். பாவம், சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்தார்கள். பங்காளிகள் வந்தார்கள். புது அடுப்புக்குச் சந்தனம், குங்குமம். பால் பானையை ஏற்றி அக்கா தீக்குச்சி கிழித்தாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது, குச்சி அணைந்தது. இன்னொன்று. இன்னொன்று. பெட்டியே காலியாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர், “சாணியில பால் காய்ச்ச வந்தோமே, நம்மளச் சொல்லணும்” என்றார். ஊரைக் கூட்டி முகத்தில் கரி பூசிக்கொண்டோம். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை வண்டி கட்டுறேன்” என்றார். தகரப்பெட்டி கூடத்து வாசலுக்கு வந்துவிட்டது.

என்னால்தான் என்று எனக்குத் தெரியும். இத்தனை பேச்சுப் பேசுகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல நாலு நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கிராமசேவகர் வெளியே விடச் சொன்னதையும் நான் மூடியதையும் சொல்லி அழுதேன். அவள் திட்டுவாள் என்றிருந்தேன். அவளோ சிரித்தாள், சிரிப்பு இருமலாகி மூச்சு வாங்கியது. அப்புறம் விறுவிறுவென்று கொல்லைக்குப் போய்த் திருகைத் திறந்துவிட்டாள்.

“ஐயோ அக்கா, இன்னைக்கும் வெள்ளிக்கிழமை!”

“இருக்கட்டும்டி. போறது லெச்சுமி இல்ல, என் இருமல்.”

டிரம் மெல்ல மெல்லக் கரைசலுக்குள் இறங்கியது. சனிக்கிழமை கொஞ்சம் எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாண் நின்றது. வாசலில் மாடு பூட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அடுப்படிக்குள் போனாள். நேரம் பார்க்கவில்லை, சந்தனம் வைக்கவில்லை. ஒரே குச்சி. நீலமாகப் பற்றிக்கொண்டது. அத்தனை சின்னதாக, சத்தமே இல்லாமல் எரிந்ததை நம்பாமல், “எரியுதாடி?” என்று என்னையே கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அடுப்படியில் புகையில்லாமல் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

காபியை அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமனார் ஒரு வாய் குடித்தார். விட்டத்தைப் பார்த்தார். எழுந்து வந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பவும் போய் உட்கார்ந்து மிச்சத்தையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

“அந்தப் பெட்டியத் தூக்கி உள்ள வைங்கத்தா. போக வர கால்ல இடிக்குது.”