இருபத்துநாலுக்கு இறங்காத அறை

புதன்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு ஏசியைப் போட்டேன். மதியம் ஒன்று நாற்பதுக்கும் வெளியே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் வைத்திருந்தது இருபத்துநாலு. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் இருபத்தேழு காட்டியது. போன சித்திரையில் இதே அறை நாற்பது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். கம்ப்ரசர் ஒரு சின்ன உதறலோடு நிற்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளம்பும். இந்த முறை அது நிற்கவே இல்லை.

ஏசி எங்களுக்கு வசதிக்காக வாங்கியதல்ல. மைசூரில் ஃபேனே எதற்கு என்று கேட்கும் தலைமுறை எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. சரஸ்வதிபுரத்தில் அந்தப் பெட்டியை மேலே ஏற்றியபோது எதிர்வீட்டார் வாசலில் நின்று பார்த்தார்கள். காரணத்தை நாங்கள் யாருக்கும் விளக்கவில்லை. என் மனைவிக்கு நரம்புகளின் மேலுறை கெடும் நோய். உடம்பு சூடேறினால் முதலில் வலது கண் மங்கும். பிறகு இடது கால் சொன்னபடி கேட்காது. குளிர்ந்தால் இரண்டும் பெரும்பாலும் திரும்பிவிடும். கோடை மதியங்களில் அவளுக்கு ஒரு குளிர்ந்த அறை வேண்டும் என்றார் டாக்டர். அந்த அறை இதுதான்.

ஏசி வருவதற்கு முந்தைய கோடையில் அவளைக் கோத்தகிரியில் அவள் அண்ணன் மகள் வீட்டில் இரண்டு மாதம் விட்டிருந்தோம். அங்கே குளிருக்குக் குறைவில்லை. ஆனால் வீடு புதிது. படிகள் எங்கே இருக்கின்றன என்று அவள் காலுக்குத் தெரியாது. எழுந்தால் யாராவது ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் நாற்காலிக்கே வந்தது. திரும்பி வந்தபோது ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக அவளுக்கு என் தோள் வேண்டியிருந்தது. இங்கே அவள் தடியில்லாமல் நடப்பவள். கைக்கு முதலில் ஷோகேஸின் விளிம்பு, பிறகு கதவு நிலை, பிறகு ஃபிரிட்ஜ் கைப்பிடி. அந்த வரிசையைத் திரும்பப் பிடிக்கத் தீபாவளி ஆகிவிட்டது. அப்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “இனி என்னய எங்கயும் கொண்டுபோய் வெச்சுப்போடாதீங்க.”

புதன் மதியம் இரண்டு மணிக்கு பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அண்ணனுக்கு போன் செய்தேன்.

அவருக்கு நரசிபுரம் தாண்டி ராமாபுரத்தில் விதை, உரக் கடை. நான் பேசி முடிக்கும் முன்பே முடிவு சொல்லிவிட்டார். “ரோசன பண்ணாதீங்க மாப்ளெ. ஞாயித்துக்கிழமை காலையில வண்டி எடுத்துட்டு வந்தர்றேன். ரெண்டு மாசம் கோத்தகிரில புள்ளை ஊட்டுல இருக்கட்டும்.” நான் சரி என்றேன். உள்ளே வந்தபோது யாரிடம் பேசினீர்கள் என்று அவள் கேட்டாள். பழைய ஆபீஸ் நண்பர் என்றேன். ஆக என்னிடம் நான்கு நாள் இருந்தது. அதற்குள் அறை இருபத்துநாலுக்கு இறங்கினால் அண்ணன் வரவேண்டியதில்லை, அவளுக்கு எதுவும் தெரியவேண்டியதுமில்லை.

முப்பத்தோரு வருடம் செய்தித்தாளில் இருந்தவன் நான். எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்புவேன். ஒரு குறிப்பேடு எடுத்தேன். வியாழக்கிழமை காலை வடிகட்டி வலைகளைக் கழற்றிக் கழுவினேன். அவை அவ்வளவு அழுக்காக இல்லை. காயவைத்து மாட்டி, ஒன்பது ஐம்பதுக்குப் போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தொன்பது, இருபத்தெட்டரை, இருபத்தெட்டு, இருபத்தெட்டு.

“நீங்க ஒவ்வொருக்காக் கதவத் தொறக்கறப்பயும் அரை டிகிரி வெளிய போகுது” என்றாள் அவள், கட்டிலில் சாய்ந்தபடி. “அதயும் எழுதிக்கோங்க.”

அது நியாயம்தான். அதற்குப் பிறகு உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் இருக்க முடியவில்லை. இது பழைய வீடு. ஜன்னல்களுக்கு மேலே கம்பிவலை அடித்த காற்றுத் துளைகள் உண்டு. ஏசி மாட்டிய அன்றே இந்த அறையில் இருந்த இரண்டையும் அட்டை வைத்து மூடியிருந்தோம். ஏணி போட்டு ஏறினேன். அட்டையின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. குற்றவாளி அகப்பட்ட சந்தோஷத்தில் பழைய பேப்பரைத் திணித்து டேப் ஒட்டினேன். கதவின் அடியிடுக்கில் துண்டு சுருட்டி வைத்தேன். மேற்கு ஜன்னலுக்குத் திரைமேல் இன்னொரு பெட்ஷீட் தொங்கவிட்டேன். அறை இருட்டாகிவிட்டது.

“சினிமாக் கொட்டாய் மாதிரி பண்ணீட்டீங்க. படம் எப்பங்க போடுவீங்க?”

மூன்று மணிக்கு இருபத்தேழு. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். கதவு நிலையைப் பிடித்த கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. இடது கால் தரையை உரசுகிற சத்தம் கேட்டது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை சந்தேகம் சென்சார்மேல் போயிற்று. அறையின் சூட்டை அளந்து கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது அந்தச் சின்ன உறுப்புதான். அது தப்பாகச் சொல்கிறது, பெட்டி அதை நம்பி ஓடுகிறது என்று நினைத்தேன். இருபத்தாறுக்கு மாற்றினேன். நிற்கவில்லை. இருபத்தேழரைக்கு வைக்க அந்த ரிமோட்டில் வழியில்லை. இருபத்தெட்டுக்கு வைத்தேன். உடனே நின்றது. அறை இருபத்தேழில் இருந்தது. அதாவது சென்சார் பொய் சொல்லவில்லை. எனக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று புரியாமல் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். அன்று ஏழு முறையாவது மெக்கானிக்குக்கு போன் செய்திருப்பேன். வெயில் சூடுபிடித்த முதல் வாரம் அது. ஊரில் ஏசி இருக்கிற எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பா காலத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு இங்கே வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற பேச்சு. நான் குறிப்பேட்டை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சாருக்கு ரிடையர் ஆயித்தா?”

“ஆயாச்சு.”

“அதான்” என்றார்.

பால்கனியிலிருந்து கை நீட்டி, வெளிப்பெட்டியின் குழாயில் மீட்டரை மாட்டினார். அந்தப் பெட்டி மேற்குச் சுவரில் இரும்புச் சட்டத்தின்மேல் இருக்கிறது. முன்பக்கம் சுழலும் ஃபேன் மட்டும் கண்ணுக்குத் தெரியும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கேஸ் குறைவு என்று சொல்வார், நிரப்புவார், முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

“கேஸ் ஃபுல்லா இருக்கு சார். பிரஷர் நோடி, இங்க பாருங்க, ஜாஸ்தியா இருக்கு. உள்ள எடுத்த சூட்ட வெளிய விட முடியாம முக்குது. காத்து வாங்கல.” ஃபேன் முன்னால் கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். வந்த காற்று மெலிதாக இருந்தது. “பின்னாடி என்னமோ அடச்சிருக்கு.”

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தன் போனை அந்த ஒரு சாண் இடைவெளியில் நுழைத்து, விளக்கோடு ஒரு படம் எடுத்தார். வெளியே எடுத்துப் பார்த்தார். என்னிடம் காட்டினார்.

எத்தனையோ படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதியிருக்கிறேன். இந்தப் படத்துக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. பெட்டியின் முதுகு வலையின் மேல்பாதி முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோல் பழுப்பாக இருந்தது. அதற்கு நடுவே வாழைநார் முடிச்சு ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

“ஹாரா யாரு சார் போட்டது?”

அந்த மாலையைப் போட்டது நான்தான், ஆயுதபூஜை அன்று. எங்கள் பத்திரிகை அச்சகத்தில் அன்றைக்கு ரோட்டரி மிஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவோம். போட்ட மாலையை யாரும் கையால் எடுக்கமாட்டார்கள். அதுவாகக் காய்ந்து விழவேண்டும் என்பது ஃபோர்மேனின் சட்டம். அதைக் கேள்வி கேட்ட ஆசிரியரை நான் பார்த்ததில்லை. என் மனைவியின் வீட்டில் பம்புசெட் மோட்டாருக்கும் அதே மரியாதை. “நம்மளக் காப்பாத்தற மிஷின் அதுதானுங்களே, அதுக்கும் ஒரு மாலை போடுங்க” என்று அவள் சொன்னாள். மார்க்கெட்டில் ஒரு முழங்கை கனத்துக்குச் செவ்வந்தி மாலை வாங்கிவந்தேன். ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் ஃபேன் பக்கம் மாட்டியபோது காற்று தள்ளித் தள்ளிவிட்டது. முதுகுப் பக்கம் சுற்றிக் கட்டினேன். அங்கே அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. அப்போது அது எனக்கு வசதியாகப் பட்டது. அந்தப் பக்கமாகத்தான் பெட்டி மூச்சு இழுக்கிறது என்று எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் யாரும் ஏசி போடவில்லை. பூ காய்ந்து இதழ் இதழாகத் தகடுகளுக்குள் போயிருக்கிறது. தெருவைத் தோண்டியபோது பறந்த மண் அதன்மேல் படிந்திருக்கிறது.

“பூஜை மாடிட்டு மூக்க மூடிட்டீங்க, அல்லவா?” என்றார் மெக்கானிக்.

உள்ளே கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “அவரு எதயும் அரைகொறையாப் பண்ணமாட்டாருங்க.”

ஒன்றரை மணி நேரம் பிரஷ் வைத்துத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சி, வளைந்த தகடுகளைச் சீப்பு போன்ற ஒன்றால் நிமிர்த்தினார். கீழே காம்பவுண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் சேர்ந்தது. இரண்டு பத்துக்குப் போட்டோம். இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கம்ப்ரசர் நின்றது. தெர்மாமீட்டரில் இருபத்துநாலு.

அப்போதே ராமாபுரத்துக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு மதியம் நின்றது, நாளைக்கு நிற்குமா? ஒரே ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி போடாதே என்று பழகிய புத்தி. மாலைவரை பார்ப்போம் என்றிருந்தேன். மாலையில், காலைவரை பார்ப்போம் என்று தோன்றியது. போனைக் கையில் எடுத்து வைத்தேன், எடுத்து வைத்தேன். இரவு சரியாகத் தூங்கவும் இல்லை.

ஞாயிறு பத்தே காலுக்கு வாசலில் கார் நின்றது. அண்ணன் ஒரு பை கொய்யாவோடு மேலே வந்தார். அவள் முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணா. என்னுங்க, சொல்லாமக்கொள்ளாம?”

“சொல்லாம என்ன? மாப்ளெதான் புதன்கிழமையே போன் போட்டாரே. துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டயா சாமி? வெயிலுக்கு முன்ன மலையேறிறலாம்.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மிஷின் நேத்தே சரியாயிருச்சு மச்சான்” என்றேன். “நான்தான் உங்ககிட்டச் சொல்லல.”

“அதனால என்னுங்க. இன்னிக்கு ஓடுது, நாளைக்கு நின்னுபோச்சுன்னா? கரண்ட் இல்லாமப் போச்சுன்னா? அங்க இந்தத் தொந்தரவே இல்லையில்ல.”

அது சரியான கேள்வி. நான்கு நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். பதில் அவளிடம் இருந்தது.

“நின்னுபோச்சுன்னா நான் போன் பண்றனுங்கண்ணா. நானே பண்றன். நீங்க வாங்க, வர்றன்.” குரல் உயரவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “அவரு பண்ணுனா வராதீங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். கொய்யாப் பையை மேஜைமேல் வைத்தார். “உங்களுக்கு இது வேணுந்தான் மாப்ளெ” என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

சாப்பிட்டோம். மிஷின் இரண்டு முறை நின்று கிளம்பியது. மூன்றாம் முறை நான் கவனிக்கவில்லை. மூன்று மணிக்கு அண்ணன் கிளம்பினார். அவள் கேட்வரை வருகிறேன் என்று எழுந்தாள். வெளியே கண் கூசும் வெயில். கீழே பதினொரு படி. நான் கை நீட்டினேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். அண்ணனும் ஒரு படி முன்னால் இறங்கினாரே தவிர, தொடவில்லை. கார் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். ஏறும்போது ஏழாவது படியில் இடது கால் இழுத்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். நான் இரண்டு படி கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் கதவருகே நின்றேன், உள்ளே வரலாமா என்று தெரியவில்லை. அரைமணி நேரம் போல ஆயிற்று. கண்ணைத் திறந்து, இடது கண்ணைக் கையால் மூடி, வலது கண்ணால் எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். பெரிய எழுத்து முதலில், பிறகு அடியில் இருந்த சின்ன எழுத்து. உதடு அசைந்தது.

“கதவச் சாத்திட்டு வாங்க” என்றாள். “அண்ணன் இந்நேரம் நரசிபுரம் தாண்டியிருப்பாருங்களா?”