மந்திரிக்குக் கொடுத்த வரவேற்பு

இன்று மஸ்கெலியாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மந்திரி வந்தார்.

முன்பு ஓட்டுக் கேட்டு வந்து, எங்கள் லயத்து வரிசை வீட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றவர்தான். ஜெயித்துப் போய், தோட்டத் தமிழரான எங்கள் பிரஜா உரிமையையும் ஓட்டையும் பறித்த சட்டத்துக்குக் கை தூக்கினார். இப்போது மந்திரி.

வரவேற்பில் தப்படிக்கச் சொன்னார், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு.

"அடிச்சிருவோம்ங்க," என்றார் என் மாமா.

கார் நின்றதும் தப்பு முழங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிணம் தூக்கும்போது அடிக்கிற அடி! பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மந்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டி ரசித்தார். "மிச்சம் நல்ல மேளம்!" என்றார், அரைகுறைத் தமிழில்.

"யாருக்கு மாமா சாவு அடிச்சீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"நம்ம ஓட்டுக்குத்தான். செத்து இம்புட்டு நாளாச்சு, யாரும் அடிக்கலையே."

ராகலைத் தோட்டத்துக்காரர்களே, அடுத்து உங்கள் பக்கம் வருகிறாராம். தப்பைக் காய்ச்சி வையுங்கள்.